மூட்டைகள் எழுந்து நிற்பதில்லை

தண்ணீர்ப் பஞ்சமான ஊரில் பிறந்தவன் நான். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் கிணற்று முறைத் தண்ணீருக்காகப் பங்காளிகள் வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரன் கொச்சியில் படகுகளைப் பரிசோதிக்கிற உத்தியோகத்தில் போய் உட்கார்ந்தது சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை வேடிக்கை. கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், "ஏனுங்க மாப்பிள்ளை, எங்கூட்டு மாட்டுத் தொட்டியையும் ஒருக்கா பாத்துப்போட்டுப் போங்க, முழுகுமா மெதக்குமான்னு" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். முழுகிய படகை நேரில் பார்த்தவனுக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் சிரமம்தான்.

அந்த வருஷமும் ஒரு கல்யாணத்துக்காகத்தான் ஊருக்கு வந்திருந்தேன். கேரளம் என்று ஒரு மாநிலம் உண்டாகி அதிக நாளாகவில்லை. கொச்சி மகாராஜாவின் ஆட்சியைப் பார்த்த எங்கள் ஊரும், திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியைப் பார்த்த மூணாறும் இன்று ஒரே சர்க்காரின் கீழ். இதனால் எங்கள் ஊர்க் கிணற்றில் ஒரு சொட்டும் கூடவில்லை. எனக்கு வேலைதான் கூடியது. துறைமுகப் படகுகளுக்கு மட்டும் இருந்த பரிசோதனையை, மலைமேல் ஏரிகளில் உல்லாசத்துக்கு ஓடுகிற படகுகளுக்கும் நீட்டிவிட்டார்கள். ஏரியில் விழுந்தாலும் மனிதன் செத்துப்போவான் என்று யாருக்கோ ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பந்தியில் உட்கார்ந்திருந்தபோது கொச்சி ஆபீசிலிருந்து தந்தி வந்தது. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஏரியில் புதுப் படகு விட்டிருக்கிறார்கள். தோட்டத்து மாரியம்மன் பொங்கலன்று அது ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். அதற்குள் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். பார்ப்பது எதற்கு, கையெழுத்துப் போடுவதற்குத்தானே என்கிற தோரணை அந்தத் தந்தியிலேயே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பாயசத்தைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே பிழைத்தவர்கள் இன்னும் அங்கேதான் பிழைக்கிறார்கள்.

மலை ஏறுகிற பஸ்ஸில் என் பக்கத்தில் முதலமடை மாங்காய் வியாபாரி ஒருவர். காலடியில் இரண்டு கூடை மாம்பழம். மலையில் குளிருகிறவர்களுக்கு மாம்பழம் என்ன விலை சொன்னாலும் வாங்குவார்கள் என்பது அவர் சித்தாந்தம். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஒரு கூடை சாய்ந்தது. பழங்கள் உருண்டு பள்ளத்துப் பக்கமாகப் போய்ச் சேர்ந்தன. பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களோ, தாங்கள் சாய்ந்தால் பஸ் கவிழாது என்பதுபோல், ஒருவர் விடாமல் மலைப்பக்கம் சாய்ந்தார்கள். அடுத்த வளைவில் பழங்கள் இந்தப் பக்கம் வந்தன, ஜனங்கள் அந்தப் பக்கம் போனார்கள். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே சத்தம் போட்டார்: "அனங்காமெ ஒக்காருங்க. வண்டிய ஓட்டறது நானா நீங்களா?" ஒருவரும் அசையாமல் உட்காரவில்லை. நானும்தான்.

பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. நின்றதும் நிற்காததுமாகக் கண்டக்டர் குதித்து, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். அந்தக் கல் அதற்கென்றே கூடவே வருகிற கல். அதற்கு பஸ்ஸில் தனி இடம் உண்டு. வெள்ளை கூடப் பூசியிருந்தார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இவ்வளவு அக்கறை, தண்ணீரில் ஓடுகிற வண்டி என்றால் மட்டும் எல்லாருக்கும் கடவுள்மேல் அபார நம்பிக்கை.

மூணாறில் இறங்கியபோது பல் கிட்டியது. சித்திரை மாதத்தில் குளிர்கிற ஊரை எங்கள் பக்கம் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கடையில் கப்பையும் மீன் குழம்பும் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் குச்சிக்கிழங்கு என்று சொல்லி, விருந்தாளி கண்ணில் படாமல் சாப்பிடுகிற அதே மரவள்ளிக் கிழங்கு இங்கே வாழையிலையில் ராஜாவாக உட்கார்ந்திருந்தது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

தோட்டத்து ஜீப் வந்து அழைத்துப் போயிற்று. கிளப் செக்ரட்டரி ராமசேஷன் தன் வீட்டு வாசலிலேயே நின்று வரவேற்றார். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். தோட்டத்து ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரைமார்கள் குறையக் குறைய அவர்களுடைய கிளப்பும் ஏரியும் படகும் மெல்ல இவர் கைக்கு வந்திருந்தன. மேலே கம்பளிக் கோட்டு, கீழே பஞ்சகச்சம், நெற்றியில் சந்தனம்.

"வாங்கோ, வாங்கோ. யாத்ரை சௌக்யமா? நம்ம பாலக்காட்டுக்காரர்னு கேட்டதும் சமாதானம் ஆச்சு. முதல்ல சாப்பிடலாம். படகு எங்கேயும் ஓடிப்போகாது."

சாப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மொளகூட்டல், அரைச்சுக்கலக்கி, சுட்ட அப்பளம், கட்டித் தயிர். எனக்கு முன்கூடத்தில் தனியாக இலை போட்டிருந்தார்கள்; அவர் உள்ளே சாப்பிட்டார். அந்தக் காலத்தில் அது அப்படித்தான். கை கழுவும்போது, "ஒரு ஒப்பு போட்டா தீர்ந்தது, சாயங்காலமே ஜீப் கொண்டு விட்டுடும்" என்றார். சாப்பாட்டுக்கு நன்றி வேறு, கையெழுத்து வேறு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

ஏரி அழகாக இருந்தது. மூன்று பக்கமும் தேயிலை, நான்காவது பக்கம் காடு. கோடையில் தண்ணீர் குறைந்து கரையெல்லாம் புல் முளைத்திருந்தது. அந்தப் புல்லுக்காகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும், அவற்றைப் பார்க்கத்தான் படகு. ஏரிக்குத்தான் அது புதுசு; கடலோரக் காயலில் ஓடிய பழைய படகு. லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து, பிசின் பூசி, இன்ஜின் வைத்து, வெள்ளையும் நீலமுமாகச் சாயம் அடித்திருந்தார்கள். அதுவரை சரி. ஆனால் அதன் தலைமேல் ஒரு மேல்தட்டு கட்டியிருந்தார்கள். பெஞ்சுகள், கைப்பிடிக் கம்பி, தகரக் கூரை, நுனியில் ஒரு கொடி. காயலில் தாழ்வாக மிதக்கப் பிறந்த படகு, தலைமேல் மச்சுவீட்டைச் சுமந்துகொண்டு நின்றது.

படகோட்டி மாடசாமி எனக்கு அதைச் சுற்றிக் காட்டினார். முன்னே தோட்டத்து லாரி ஓட்டியவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீகம். படகின்மேல் அவருக்குப் புது மாப்பிள்ளைப் பெருமை.

"மேல ஏறி நின்னு பாருங்கய்யா. சொர்க்கம் மாதிரி இருக்கும். யானை வந்தா வாலு மயிரு வரைக்கும் தெரியும்."

இன்ஜின் சுத்தம். அடிப்பலகை நன்றாகவே இருந்தது. தீ அணைக்கிற மணல் வாளியில் யாரோ வெற்றிலை எச்சில் துப்பியிருந்தார்கள். உயிர்காக்கும் மிதவை வளையங்கள் இரண்டு பக்கமும் வரிசையாகத் தொங்கின. ஒன்றைக் கையில் எடுக்கப் போனால் வரவில்லை. இரும்புக் கம்பியால் சுற்றி முறுக்கியிருந்தது.

"ஏனுங்க, இதை எதுக்குங்க கம்பியில கட்டி வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டேன்.

"இல்லேன்னா திருட்டுப் போயிடும், கேட்டேளா" என்றார் ராமசேஷன்.

"தண்ணியில உளுந்தவன் குறடு கொண்டாந்து கம்பியக் கழட்டோணுமுங்களா?"

"சாரமில்லை, அதனாலென்ன, அவிழ்த்துடச் சொல்லறேன்" என்றார். உடனே ஆள் விட்டு அவிழ்க்கவும் செய்தார். மனிதர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் பாரம் ஏற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். ஓர் ஆளுக்கு ஒரு மூட்டை என்று கணக்கு வைத்து மணல் மூட்டைகளைக் கீழ்த்தட்டிலும் மேல்தட்டிலும் பெஞ்சு பெஞ்சாக அடுக்கினார்கள். அதைப் பார்க்கக் கரையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடிவிட்டார்கள். படகு மூட்டைகளோடு ஏரியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அசையவில்லை. ராமசேஷன் என் முகத்தைப் பார்த்தார்.

"இனி மேல்தட்டு மூட்டையெல்லாம் ஒரே பக்கமா நவுத்திப் பாக்கோணுமுங்க" என்றேன்.

"அதெதுக்கு? யாராவது எல்லாரும் ஒரே பக்கம் போய் ஒக்காருவாளா?"

துறைமுகத்தில் அப்படித்தான் வழக்கம் என்றேன். இது துறைமுகம் இல்லையே என்றார். அதற்குள் கரையிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். பெயர் செல்லத்தாயி. நெற்றியில் கூடைக் கயிற்றின் தழும்பு. பேச்சில் பயம் என்பதே இல்லை.

"ஏன்யா, எங்க புள்ளைகள ஏத்தப்படாதுன்னு சொல்லத்தான் வந்திருக்கீகளோ?"

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுக்கத் தெரிந்தது. அந்த ஏரி இத்தனை காலமும் துரைமார்களுக்கு மட்டும். வேலைக்காரர்கள் அதில் கால் நனைத்தால் அபராதம். தொழிற்சங்கம் போராடி, வேறு பல கோரிக்கைகளோடு இதையும் சேர்த்து வாங்கியிருந்தது: வருஷத்தில் ஒருநாள், அம்மன் பொங்கலன்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் பிள்ளைகளும் தாய்மார்களும் படகில் ஏற வேண்டும். வேறு கோரிக்கைகளில் பாதி போயே போய்விட்டது. இது ஒன்று கிடைத்தது.

"துரை ஏறுன நாள்ல எந்த இன்ஸ்பெட்டரும் வரலை. நாங்க ஏறப்போறோம்னதும் வந்துட்டீக" என்றாள் செல்லத்தாயி. கூட்டம் ஆமாம் போட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்த நேரத்தில் கூட்டம் திடீரென்று அமைதியானது. புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். செருப்புப் போட்டிருந்தவர்கள் கழற்றினார்கள். எதிர்க்கரையில் காட்டை ஒட்டி ஒரு கொம்பன் யானை வந்து நின்று புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் கரையின் ஒரே முனைக்கு நகர்ந்து, கைகூப்பி நின்றார்கள். படகிலிருந்த மாடசாமியும் இன்ஜினை விட்டுவிட்டு எழுந்து நின்றார். ராமசேஷன் நெற்றிப்பொட்டில் இரண்டு கையாலும் குட்டிக்கொண்டார்.

"பெரியவர் வந்திருக்காரு" என்று செல்லத்தாயி மெல்லச் சொன்னாள். அங்கே அதன் பெயரைச் சொல்வதில்லை. அது வரும்போது உட்கார்ந்திருப்பதும் இல்லை. உட்கார்ந்தபடி அதைப் பார்ப்பது மரியாதைக் குறைவு. அந்தக் குறையை அது மறக்காது, வேறொரு நாள் கொழுந்துக் காட்டில் வழிமறித்துக் கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கைக்குழந்தையைக் கூடத் தூக்கி நிறுத்துகிறார்கள். யானை திரும்பிக் காட்டுக்குள் போனபிறகுதான் மறுபடி உட்கார்ந்தார்கள்.

நான் படகைப் பார்த்தேன். மேல்தட்டில் மணல் மூட்டைகள் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருந்தன. ஒரு மூட்டையும் எழுந்து நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் ராமசேஷனிடம் சொல்லிவிட்டேன். மேல்தட்டைக் கழற்றினால் ஒழியக் கையெழுத்துக் கிடையாது. அவர் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. ஆபீசுக்குக் கூட்டிப்போய் டெலிபோனில் கொச்சியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் என் மேலதிகாரி. அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"என்னப்பா பிரச்சினை? பயணிகள் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுது. ஒரு போர்டு வைக்கச் சொல். கையெழுத்துப் போட்டுவிட்டு வா."

"அவர்கள் உட்கார மாட்டார்கள்."

"உட்காராவிட்டால் அது அவர்கள் குற்றம். நம் குற்றம் இல்லையே."

குழந்தை தண்ணீருக்குள் போனபிறகு அது யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்வதற்கா சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது? எழுந்து நிற்கிற ஜனங்களுக்கு எழுந்து நின்றாலும் கவிழாத படகு வேண்டும். அவர்களை மாற்றிவிட்டுப் படகு ஓட்ட முடியாது. இதையே கொஞ்சம் மரியாதையான சொற்களில் சொன்னேன். மரியாதை போதவில்லை போலிருக்கிறது.

"உனக்குக் கடலோரம் அலுத்துவிட்டது என்று தெரிகிறது. தண்ணீரே இல்லாத இடத்துக்கு மாற்றல் வாங்கித் தரட்டுமா?"

"அங்கேதான் பிறந்தேன். பழக்கம் உண்டு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ராமசேஷன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு கிளப் சமையல்காரன் கையால்தான் வந்தது. மொளகூட்டல் இல்லை.

மறுநாள் காலை லயத்துக்குப் போனேன். கோபமாக இருக்கிறவர்களிடம் நேரில் போய்விடுவது என் வழக்கம். தூரத்தில் இருந்தால் கோபம் தடித்துக்கொண்டே போகும். செல்லத்தாயி வாசலில் நின்றபடியே வெறுஞ்சாயா கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை. உள்ளிருந்து அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பொங்கலுக்கென்று தைத்த பாவாடையை இப்போதே போட்டிருந்தார்கள்.

"உங்க புள்ளைகளை ஏத்தப்படாதுன்னு நான் சொல்லலீங்க. அந்தப் படகுல ஏத்தப்படாதுங்கறேன்" என்றேன்.

"வார்த்தை வித்தியாசந்தான? ஏத்தப் போறதில்லை, அம்புட்டுதான?"

"பேச்சு வேண்டாமுங்க. வந்து பாருங்க. பாத்தும் ஏறலாமுன்னு தோணுச்சுன்னா நான் கையெழுத்துப் போட்டுத் தாரனுங்க."

இப்படிச் சொன்னது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனால் எனக்குப் படகைத் தெரியும்.

படகை இடுப்பளவு தண்ணீரில் கரையோரம் கொண்டுவந்து நிறுத்தினோம். ராமசேஷன் வேண்டாம் என்றார், சோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், போய்விடுகிறேன் என்றேன், அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மாடசாமிக்கு என்மேல் எரிச்சல், ஆனால் படகின்மேல் நம்பிக்கை. "எம்படகு கவுந்தா எம்மீசைய எடுத்துக்கிடுதேன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னோடு மேல்தட்டில் ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். காட்டுப் பக்கத்துப் பெஞ்சுகளுக்கு மூட்டைகளை ஒவ்வொன்றாக நாங்கள் இருவரும் நகர்த்தினோம். யானை வந்தால் ஜனங்கள் நகர்கிற மாதிரியே.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கரையில் சிரித்தார்கள். பிறகு தட்டு காலுக்குக் கீழே லேசாகச் சாய்ந்தது. மாடசாமி ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு மூட்டையைத் தூக்கினேன். அதைக் கீழே வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மறுபக்கத்தில் மீதி இருந்த மூட்டைகள், பஸ்ஸில் உருண்ட மாம்பழங்களைப் போல, தாமாகவே சரிந்து எங்கள் பக்கம் வந்தன. கொடி, கூரை, பெஞ்சு, மூட்டை, மாடசாமி, நான், எல்லாரும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனோம். அந்தக் குளிரை இப்போது நினைத்தாலும் தாடை நடுங்குகிறது.

எழுந்து நின்றபோது தண்ணீர் இடுப்பளவுதான். படகு எருமை மாதிரி ஒருக்களித்துக் கிடந்தது. மேல்தட்டின் காட்டுப் பக்கம் முழுவதும் தண்ணீருக்கு அடியில். கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ராமசேஷன்தான் முதலில் வாயைத் திறந்தார். "கம்பெனிச் சொத்தைக் கவுத்துட்டேளே."

"நான் கவுக்கலீங்க. நீங்க கட்டுனதுதான் கவுந்துச்சு."

செல்லத்தாயி தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். சேலை நனைவதைக் கவனிக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த பெஞ்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ளைக ரெண்டும் மேல்தட்டுலதான் ஏறுவோம்னு ஒத்தக்கால்ல நின்னுச்சுக" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி ராமசேஷனைப் பார்த்தாள். குரல் கரையில் கேட்ட அதே பழைய குரல்.

"மேல்தட்டக் கழட்டுங்கய்யா. ஆனா பொங்கலன்னிக்கு நாங்க ஏறாம விடமாட்டோம்."

அதன்பிறகு நடந்த வாக்குவாதத்தில் நான் பேச வேண்டியிருக்கவில்லை. விருந்தாளித் துரை குன்னூரிலிருந்து வருகிறார், அவருக்கு மேலிருந்து யானை காட்டுவதாகச் சொல்லியாகிவிட்டது என்றார் ராமசேஷன். துரையை மரத்தில் ஏற்றிக் காட்டுங்கள் என்றார்கள் பெண்கள். படகைக் கயிறு கட்டி நிமிர்த்தியவர்களும் அவர்கள்தான். கூடை சுமந்து பழகிய கைகள் இழுத்த இழுப்பில் அது சத்தம் போடாமல் எழுந்து நின்றது. தோட்டத்துத் தச்சர் கூரையையும் கம்பியையும் பெஞ்சையும், கடைசியில் தட்டையும் கழற்றினார். ராமசேஷன் கடைசிவரை அங்கேயே நின்றார். கொடியை மட்டும் தன் கையால் எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். அது அவருடைய மனைவி தைத்தது என்று பிறகு தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மாடசாமி மீசையை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தட்டில்லாத படகில் மூட்டைகளை மறுபடி ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே பக்கம் நகர்த்திப் பார்த்தேன். சாய்ந்தது, நின்றது. இன்னும் கொஞ்சம் குறைவான ஆட்களை ஏற்றச் சொன்னேன். கையெழுத்தை மட்டும் போடவில்லை. முதல் நடையில் நானும் ஏறுகிறேன், இறங்கியபிறகு போடுகிறேன் என்றேன். என் கையெழுத்தை நம்பிப் பிள்ளைகள் ஏறுவதானால் என் உடம்பும் அதில் இருக்கட்டும் என்று தோன்றியது.

பொங்கலன்று காலையில் இருந்தே உறுமியும் தவிலும். லயத்துப் பெண்கள் ஏரிக்கரையிலேயே அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குத் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடுவார்கள். இவர்கள் தேங்காய் கிடைக்காத இடத்தில் இருந்துகொண்டு ஏலக்காயை வாரிப் போடுகிறார்கள். மணத்துக்குக் குறைவில்லை. குன்னூர்த் துரை வரவில்லை. மேல்தட்டு இல்லை என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

முதல் நடையில் தாய்மார்களும் பிள்ளைகளும். செல்லத்தாயி இரண்டு பெண்களையும் இரண்டு பக்கத்தில் அணைத்துக்கொண்டு நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பின்னால், மாடசாமிக்குப் பக்கத்தில். கடைசி நேரத்தில் ராமசேஷனும் வந்து ஏறி என்னை ஒட்டி உட்கார்ந்தார். "நானும் வரேன். இல்லேன்னா பேசுவா" என்றார். யார் பேசுவார்கள் என்று கேட்கவில்லை, இடம் விட்டேன்.

ஏரி நடுவில் போகும்வரை பிள்ளைகளின் சத்தத்தில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தங்கள் லயம் இங்கிருந்து எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். தினமும் பார்க்கிற ஏரியிலிருந்து தங்கள் ஊரை அவர்கள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

காட்டுப் பக்கம் திரும்பியபோது யானை வந்தது. அன்று தனியாக வந்த கொம்பன் இல்லை. பெண் யானைகள் கூட்டமாக, நடுவில் ஒரு குட்டி. தாயின் வயிற்றுக்கு அடியில் நின்று தண்ணீரைத் துதிக்கையால் அடித்து விளையாடியது. மாடசாமி இன்ஜினை நிறுத்தினார். படகில் சத்தம் நின்றது. அடுத்த கணம் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பெஞ்சுகளைத் தாண்டி, காட்டுப் பக்கத்து விளிம்புக்கு, கைகூப்பியபடி. படகு சாய்ந்தது. நான் விளிம்பைத்தான் பார்த்தேன். தண்ணீர் ஏறி ஏறி வந்தது. விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. அங்கேயே நின்றது. ராமசேஷன் என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். அவர் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொள்ள இன்னொரு கைதான் மிச்சம் இருந்தது.

யானைகள் காட்டுக்குள் போயின. படகு மெதுவாக நிமிர்ந்தது. செல்லத்தாயி திரும்பிப் பார்த்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இன்ஸ்பெட்டரய்யா, நீங்களும் எந்திரிச்சிட்டீகளே."

குனிந்து பார்த்தேன். நான் காட்டுப் பக்கத்து விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். என் செருப்பு இரண்டும் பின்பெஞ்சுக்கு அடியில் கிடந்தன. எப்போது கழற்றினேன் என்று சத்தியமாகத் தெரியாது.

கரை இறங்கியதும் கையெழுத்துப் போட்டேன். நிபந்தனை என்ற இடத்தில் என் மேலதிகாரி சொன்னதை எழுதவில்லை. 'இந்தப் படகில் ஏறுகிறவர்கள் யானையைக் கண்டால் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பார்கள், பரிசோதகரும் நிற்பார். அதைத் தாங்காத எந்தத் தட்டையும் இதன்மேல் கட்டக் கூடாது' என்று எழுதினேன். சர்க்கார் தாளில் இப்படியெல்லாம் எழுதக் கூடாது, திருத்தி அனுப்பு என்று கொச்சியிலிருந்து அதைத் திருப்பி அனுப்பினார்கள். ஓர் எழுத்தையும் மாற்றாமல் மறுபடி அனுப்பினேன். மாற்றல் உத்தரவு வந்தது, போனேன். அந்தப் படகுக்கு அப்புறம் யாரும் மேல்தட்டுக் கட்டவில்லை.